கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகினால்: கழற்றும் முன் பார்க்க வேண்டியதும், கழற்றிய பின் செய்ய வேண்டியதும்

காலையில் வண்டியை எடுக்கப் போனால் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுகிறது. குனிந்து பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் ஈரத் திட்டு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து தொங்கும் சின்னக் குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. கார்புரேட்டர் உள்ள பைக் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கும். பெரும்பாலும் பொறுமையும் நாலைந்து சாதாரணக் கருவிகளும் இருந்தால் நாமே சரிசெய்துவிடக் கூடிய வேலைதான்.

ஆனால் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒழுகலைக் கண்டதும் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றியதும் பெட்ரோல் எந்த வழியாக வந்தது என்ற தடயம் அழிந்துபோகிறது. அப்புறம் ஊகம்தான்: கேஸ்கட்டாக (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) இருக்குமோ, ஊசியாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். எங்கே ஒழுகுகிறது, எப்போது ஒழுகுகிறது என்ற இரண்டையும் முதலில் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி, எதையும் கழற்றாமல் பார்ப்பதைப் பற்றியது.

முதலில் நெருப்பு பற்றி

சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து மூலைகளில் தங்கும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் நெருப்பு இல்லாமல் இருக்கலாம். நாலு அடி தள்ளி ஓர் அடுப்போ, பொறி தெறிக்கும் ஒரு மோட்டாரோ இருந்தால் போதும், ஆவி அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

எனவே திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். எஞ்சினும் சைலன்சரும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். வெளிச்சத்துக்கு சின்ன எல்.இ.டி. டார்ச் போதும், வயரில் தொங்கும் பல்பு வேண்டாம், விழுந்து உடைந்தால் ஆபத்து. பக்கத்தில் உலர் தூள் வகைத் தீயணைப்பான் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். தண்ணீர் உதவாது, பெட்ரோல் அதன் மேல் மிதந்தபடியே எரிந்து பரவும். டேங்கிலிருந்து பெட்ரோலை இறக்க வேண்டியிருந்தால் ட்யூபை அதற்கென்று உள்ள கேனுக்குள் விடுங்கள். வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் சில சொட்டு போனாலே உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒழுகிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். வழிந்த பெட்ரோல் எல்லாம் வெளியேதான் வர வேண்டும் என்றில்லை. காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அந்த ஆயிலோடு ஓட்டக்கூடாது. மெலிந்துபோன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. சிலிண்டர் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே வரும்; ஒரு மட்டத்தில் வால்வை அடைத்துவிடும். கார்புரேட்டரும் அப்படித்தான். அதன் அடியில் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை, மிதவையின் முதுகில் ஒரு சிறு நாக்கு, அந்த நாக்கில் தொங்கும் கூர்முனை ஊசி. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் துளைக்குச் சீட் என்று பெயர். மட்டம் ஏறும்போது மிதவை ஊசியைச் சீட்டில் அழுத்தி வழியை அடைக்கும். ஊசியின் நுனி பெரும்பாலும் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரால் ஆனது.

ஊசி சரியாக அடைக்காவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். அது காற்றுப் பாதைக்குள் வழிந்துவிடாமல் இருக்க, பல கார்புரேட்டர்களில் கிண்ணத்துக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் நிற்கும். அதுதான் ஓவர்ஃப்ளோ குழாய். மட்டம் அதன் தலையைத் தாண்டினால் பெட்ரோல் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஆக, தொங்கும் குழாயில் சொட்டுவது பல நேரங்களில் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு. அதை அடைத்து ஒழுகலை நிறுத்தப் பார்ப்பது மிக மோசமான யோசனை.

எங்கே ஒழுகுகிறது

கார்புரேட்டரின் வெளிப்புறம், பெட்ரோல் ட்யூப், டேப் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். பிறகு சாக்பீஸ் தூளையோ முகப் பவுடரையோ மெல்லத் தூவுங்கள். பைக்கை நேராக நிறுத்தி டேப்பைத் திறந்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் பத்து நிமிடம் கவனியுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே தூள் நிறம் மாறும். கீழே சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். எல்லாப் பெட்ரோலும் கடைசியில் கீழேதான் வந்து சொட்டும். மேலே எந்தப் புள்ளியில் முதல் ஈரம் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

டேப்பும் டேங்கும் சேரும் இடத்திலோ, ட்யூபின் முனையிலோ ஈரம் தொடங்கினால் கார்புரேட்டரின் மேல் தவறே இல்லை. வெடித்த ட்யூபிலிருந்து கசிந்து, கார்புரேட்டர் மேல் வழிந்து, கிண்ணத்தின் அடியில் சொட்டிக்கொண்டிருக்கும். ட்யூபை மாற்றி நல்ல கிளிப் போட்டால் முடிந்தது.

கிண்ணமும் உடலும் சேரும் கோட்டில் சுற்றிலும் ஈரம் என்றால் கேஸ்கட்டையோ, இளகிய ஸ்க்ரூவையோ சந்தேகப்படலாம். ஆனால் மட்டம் அளவுக்கு மீறி ஏறினாலும் அந்தக் கோட்டில் கசியும் என்பதை மறக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் பெட்ரோல் இருந்தால் மட்டம் ஏறி உள்ளே வழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொங்கும் குழாயில் வந்தால்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். பல கார்புரேட்டர்களில் ஓவர்ஃப்ளோ குழாய்க்கும், கிண்ணத்தை வடிக்க உதவும் ட்ரெயின் ஸ்க்ரூவுக்கும் வெளியேறும் வாய் ஒன்றுதான். அங்கே சொட்டினால் காரணம் மூன்றில் ஒன்று: ஊசியோ மிதவையோ மட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை, ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல், ட்ரெயின் ஸ்க்ரூ சரியாக மூடவில்லை.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. அந்த வாயில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றைச் சொருகி, மறுமுனையை மேலே தூக்கி கார்புரேட்டரின் பக்கவாட்டில் செங்குத்தாகப் பிடியுங்கள். ட்ரெயின் ஸ்க்ரூ மூடியே இருக்கட்டும். டேப்பைத் திறங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ட்யூபுக்குள் எதுவும் வரக்கூடாது. பெட்ரோல் வந்து, கிண்ணம் சேரும் கோட்டுக்குக் கீழேயே ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்கிறது. விரிசலையோ ட்ரெயின் ஸ்க்ரூவையோ பாருங்கள். கோட்டையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஊசி, சீட், மிதவை மூன்றில்தான் கோளாறு. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எப்போது ஒழுகுகிறது

டேப்பை மூடியதும் சில நொடியில் நின்றுவிட்டால் மட்டம்தான் பிரச்சினை. மூடிய பிறகும் வெகுநேரம் சொட்டி, கிண்ணம் பாதி காலியான பின் நின்றால் விரிசலாக இருக்கும். விரிசல் இருக்கும் உயரம்வரை வடிந்துவிட்டு நிற்கும். மூடிய பிறகும் நிற்கவே இல்லை என்றால் டேப்பும் கெட்டிருக்கிறது.

சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது மட்டும் வேக்குவத்தால் (எஞ்சினின் உறிஞ்சு விசையால்) திறக்கும் டேப் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி இரவெல்லாம் ஒழுகியிருந்தால் உங்களுக்கு இரண்டு கோளாறுகள். எஞ்சின் நின்றதும் டேப் அடைத்திருக்க வேண்டும், அடைக்கவில்லை, ஊசியும் அடைக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் ஒழுகல் நின்றுவிடும், ஆனால் மற்றது உள்ளே அப்படியே இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

சைடு ஸ்டாண்டில் மட்டும் சொட்டுகிறது, நேராக நிறுத்தினால் இல்லை என்றால் மிதவையின் மட்டம் விளிம்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றாமலே ஒரு முயற்சி

ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு துகள் சிக்கியிருந்தால் கழற்றாமலே போக்க முடியும். ஸ்க்ரூ ட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு, மூன்று முறை லேசாகத் தட்டுங்கள். நிற்கவில்லையென்றால் ட்ரெயின் ஸ்க்ரூவை இளக்கி, டேப்பைத் திறந்து, கால் நிமிடம் கேனுக்குள் பெட்ரோலை ஓடவிடுங்கள். ஊசி முழுவதும் திறந்து, ஓட்டத்தோடு துகள் அடித்துச் செல்லப்படும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது போதும். ஆனால் துகள் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அடுத்த துகளும் வரும்.

கழற்றுதல்

கை வைக்கும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ட்யூப் எந்த வாயில் போகிறது என்பது அந்த நேரத்தில் தெளிவாகத்தான் தெரியும், திரும்ப மாட்டும்போதுதான் குழப்பும். சில வண்டிகளில் கிளாம்பை இளக்கிக் கார்புரேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினாலே கிண்ணத்தைக் கழற்ற இடம் கிடைக்கும். அப்படியானால் முழுதாக இறக்க வேண்டாம்.

ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்புரேட்டர்களில் உள்ள ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலத் தெரிந்தாலும் அளவில் சற்று வேறு. ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) முனை உள்ள ஸ்க்ரூ ட்ரைவர் கச்சிதமாக உட்காரும். வழக்கமான ஸ்டார் ட்ரைவர் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். எதுவாக இருந்தாலும் நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். இறுகியிருந்தால் ட்ரைவரை வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பலாம்.

கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இதைத் தரையில் கொட்டிவிட்டால் முக்கியமான சாட்சி போய்விடும். அடியில் உருண்டு திரளும் குமிழிகள் தண்ணீர். செம்பழுப்புத் தூள் டேங்கின் துரு. கறுப்புத் துணுக்குகள் உள்ளே உதிரும் ரப்பர் ட்யூப். கிண்ணத்தின் சுவரில் பிசின் மாதிரி ஒட்டியிருப்பது, வண்டி மாதக்கணக்கில் நின்றபோது பெட்ரோல் வற்றிப் படிந்த கசடு.

கிண்ணம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு நெம்பாதீர்கள். அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே நிரந்தர ஒழுகலாகிவிடும். பக்கத்தில் மெல்லத் தட்டினால் வந்துவிடும்.

அடுத்து மிதவையைத் தாங்கும் கம்பி. இங்கேதான் அதிகம் பேர் கார்புரேட்டரையே இழக்கிறார்கள். கம்பியைத் தாங்கும் இரண்டு சிறு தூண்களும் உடலோடு சேர்த்து வார்த்தவை, எளிதில் ஒடியும். சில கம்பிகளின் ஒரு முனையில் தலை இருக்கும்; தலையில்லாத பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். தூணுக்குப் பின்னால் விரலாலோ மரக்கட்டையாலோ முட்டுக் கொடுத்து, மெல்லிய கம்பியால் அழுத்துங்கள். அசையவில்லையென்றால் கார்புரேட்டர் கிளீனரை விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். சுத்தியல் வேண்டாம்.

ஊசி, சீட், மிதவை, குழாய்

ஊசியின் கூம்பு முனையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சீட் பட்ட இடத்தில் ஒரு வளையம் பதிந்திருந்தால் ஊசியின் காலம் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் படி தட்டும். ஊசியின் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த சிறு முளை இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள்; துள்ளித் திரும்ப வேண்டும். எஞ்சின் அதிர்வு ஊசியைச் சீட்டிலிருந்து உதறிவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

சீட்டை மறந்துவிட்டுப் புது ஊசி மட்டும் போடுவது வீண். பஞ்சு சுற்றிய குச்சியில் உலோகப் பாலிஷைத் தொட்டு, சீட்டுக்குள் விட்டு விரல்களால் சுழற்றுங்கள். படிவு போய்ப் பளபளப்பு தெரிந்ததும் பெட்ரோலில் நன்றாக அலசிவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. சீட் கழற்றக்கூடியதாக இருந்தால் ஊசியையும் அதையும் ஜோடியாக மாற்றுவது நல்லது. அதன் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) சேர்த்து.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. பித்தளை மிதவையானால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், ஓட்டையிலிருந்து குமிழி வரும். பிளாஸ்டிக் மிதவை ஓட்டை இல்லாமலே வருடக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போவதும் உண்டு. மாற்றுவதுதான் வழி.

ஓவர்ஃப்ளோ குழாயைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் பழைய வண்டியில் ஒழுகல் வந்தபோது ஊசியை மாற்றினேன். நிற்கவில்லை. ஊசி சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்கிப் போட்டேன். மறுபடியும் அதே சொட்டு. மூன்றாம் முறை கிண்ணத்தைத் தனியாக எடுத்துத் துடைத்து, உள்ளே பெட்ரோல் ஊற்றி உலர்ந்த தாளின் மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் தாள் நனைந்தது. பித்தளைக் குழாயின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு மயிரிழை விரிசல். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஊசியைத் தொடும் முன் கிண்ணத்தைத்தான் சோதிக்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழாயின் தலைக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் காத்திருங்கள். சொட்டினால் முதலில் ட்ரெயின் ஸ்க்ரூவையும் அதன் ஓ-ரிங்கையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சொட்டினால் குழாய்தான். பெட்ரோல் ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, வேறு இடத்தில் வைத்து, சால்டரிங் அயர்னால் விரிசலின் மேல் மெல்லிய ஈயப்பற்று வைக்கலாம். பெட்ரோலைத் தாங்கும் எபாக்ஸியும் பிடிக்கும். ஆனால் புதுக் கிண்ணம் கிடைத்தால் அதையே போடுங்கள்.

மிதவை மட்டம்

கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து அளப்பவர்கள் உண்டு. அப்போது மிதவையின் எடை ஊசியின் ஸ்பிரிங் முளையை அழுத்திவிடும், அளவு தப்பாகும். அதற்குப் பதில் மிதவை தொங்கும்படி கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு முளையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். கேஸ்கட் உட்காரும் தளத்திலிருந்து மிதவையின் தொலைவான விளிம்புவரை உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மாடலுக்கு மாடல் இது மாறும். வேறு வண்டியின் அளவு உதவாது.

மட்டம் அதிகம் என்றால் மிதவை இன்னும் சீக்கிரம் அடைக்கும்படி உலோக நாக்கை ஊசியின் பக்கமாக வளைக்க வேண்டும். மிகச் சிறிய அசைவு போதும். வளைக்கும்போது ஊசியை எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையேல் அதன் ரப்பர் நசுங்கும். நாக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது வளைக்கும் வகை அல்ல. தேய்ந்த பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதானால் ஓ-ரிங், கேஸ்கட், டயாஃப்ரம் என்று ரப்பர் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பெருத்த கிண்ண கேஸ்கட் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் எழும்பி நிற்கும். அதை வலுக்கட்டாயமாகத் திணித்துப் பூட்டினால் இடுக்கில் நசுங்கி மீண்டும் கசியும். புதியதைப் போடுங்கள். கேஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட் தடவுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி இளகும், அதன் இழைகள் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டுக்குள் போய் அடைக்கும்.

ஊசியை நாக்கில் மாட்டி மிதவையோடு சேர்த்து இறக்கி, கம்பியைச் செருகுங்கள். மிதவை தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். கிண்ண ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உடல் மெத்தென்ற உலோகம். கையின் முழுப் பலத்தையும் காட்டினால் மரை போய்விடும்.

வண்டியில் மாட்டும் முன் சோதியுங்கள். பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான சிறு ட்யூபைச் சொருகி, கார்புரேட்டரைத் தலைகீழாக்கி வாயால் மெல்ல ஊதினால் காற்று போகக்கூடாது. நேராக வைத்து ஊதினால் போக வேண்டும். கம்ப்ரசர் காற்றை இங்கே காட்டாதீர்கள். பிறகு கார்புரேட்டரை ஒரு தட்டில் நேராக நிறுத்தி, உயரத்தில் பிடித்த சிறு கேனிலிருந்து பெட்ரோல் விட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். தட்டு உலர்ந்திருந்தால் மாட்டலாம்.

துகள் எங்கிருந்து வந்தது

ஜாடியில் பார்த்ததை இப்போது நினைவுபடுத்துங்கள். துரு இருந்திருந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் வேலை முடியாது. டேப்பின் உச்சியில் டேங்குக்குள் நிற்கும் வலை கிழிந்திருக்கிறதா பாருங்கள். ட்யூபின் நடுவே ஃபில்டர் வைத்தால் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். பம்ப் இல்லாமல் ஈர்ப்பு விசையால் மட்டும் பெட்ரோல் இறங்கும் வண்டிக்கு அதற்கேற்ற ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் வேகத்தில் பெட்ரோல் பற்றாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வண்டி சில வாரங்கள் நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

நாலைந்து கார்புரேட்டர்கள் வரிசையாகப் பிணைத்த வண்டியில் கிண்ணங்களைக் கழற்றலாம், ஆனால் வரிசையைப் பிரிக்காதீர்கள். மறுபடி ஒத்திசைக்க அதற்கான அளவிகள் தேவை. தூண் ஒடிந்திருந்தாலோ, சீட் உடலோடு தளர்ந்திருந்தாலோ அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மாட்டியதும் டேப்பைத் திறந்து பத்து நிமிடம், பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம், கடைசியாக ஓர் இரவு, அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் எஞ்சினை ஓட்டும் முன்பே மாற்றியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிண்ணத்தை அதே கண்ணாடி ஜாடியில் இன்னொரு முறை வடியுங்கள். அடியில் குமிழியோ தூளோ இருந்தால் டேங்கை இறக்குங்கள். தெளிவாக இருந்தால் ட்ரெயின் ஸ்க்ரூவை மூடிவிட்டு வண்டியை எடுங்கள்.